முகப்பில் இருந்த அந்தப் பெண்மணி

2020 மார்ச் 18ஆம் தேதி, கொரோனா தொற்றைத் தடுக்க மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பினாங்கு மாநிலத்தின் பாகான் டாலாமில் எங்கள் வீட்டில் அரிசிக்கும் பருப்புக்கும் குறைவில்லை. அம்மாவின் கவலை வேறாக இருந்தது. அப்பா மறைந்த பிறகு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ மாதந்தோறும் வழங்கும் ஓய்வூதியம் கணக்கில் சேர்ந்துவிட்டது என்பதை, சேமிப்புப் புத்தகத்தில் புதிய வரி அச்சாகி வந்த பிறகுதான் அவர் நம்புவார். அவர் வழக்கமாகச் செல்லும் வங்கிக் கிளையின் கதவிலோ, தற்காலிகமாக மூடப்பட்டிருப்பதாக மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது.

வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே செல்லலாம், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள் என்ற விதி இருந்ததால், அம்மாவுக்குப் பதிலாக நானே வேறொரு கிளைக்குச் சென்றேன். அங்கே வேலை நேரம் குறைக்கப்பட்டிருந்தது. ஒரு மீட்டர் இடைவெளிக்குத் தரையில் கோடு ஒட்டி, உடல் வெப்பத்தைச் சோதித்து, உள்ளே சிலரை மட்டுமே விட்டார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று முகப்பை அடைந்தபோது, கணக்குக்கு உரியவரே மைகாட் எனும் அடையாள அட்டையுடன் வந்து பெருவிரல் ரேகையைப் பதித்தால்தான் பணம் தர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த விதியை நான் குறை சொல்லவில்லை; அம்மாவின் பணத்தைக் காப்பதும் அதுதான். ஆயினும், எழுபது வயதைக் கடந்தவரைத் தொற்றுக்கு அஞ்சி வீட்டிலேயே இருக்கச் சொன்ன அதே நாள்களில், அவருடைய பணத்தை அவரே வந்து பெற வேண்டும் என்ற நிலைக்கு யாரும் மாற்று வழி யோசித்து வைத்திருக்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

அந்தப் பழைய கிளையின் முகப்பில் ஒரு தமிழ்ப் பெண்மணி இருந்தார். பணம் எண்ணித் தருவது அவர் செய்த வேலையில் ஒரு பகுதிதான். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பார்; கடிதத்தைப் படித்து, "இது பயப்படுற விஷயம் இல்லம்மா" என்பார். கிளை மூடியபோது நாங்கள் இழந்தது அவரைத்தான் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வங்கியிலிருந்து வந்த ஒரு குறுஞ்செய்தியைக் கொண்டுவந்து காட்டிய அன்றுதான் விளங்கியது.

அண்ணனுக்கு வீட்டுக் கடனும் வேன் கடனும் இருந்தன. ஏப்ரல் 1 முதல் ஆறு மாதங்களுக்குக் கடன் தவணைகளை வங்கிகள் தாமாகவே ஒத்திவைக்கும் என்று நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்திருந்தது. அண்ணன் அதைத் தள்ளுபடி என்றே எண்ணிக்கொண்டு, ஆறு மாதத் தவணை மிச்சம் என்று மகிழ்ந்திருந்தார். வீட்டுக் கடனுக்கு அந்த மாதங்களிலும் வட்டி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. கடன் பற்று அட்டைக்கோ இந்தத் தானியங்கி ஒத்திவைப்பே கிடையாது. வாகனக் கடனோ 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், கடன் வாங்கியவரின் ஒப்புதல் வேண்டும் என்ற விளக்கம் மே மாதவாக்கில்தான் வந்தது. இவ்வளவையும் நான்கு வரி மலாய்ச் செய்தியிலிருந்து அவர் எப்படிப் புரிந்துகொள்வார்? தொலைபேசியில் அழைத்தால் இசைதான் கேட்டது. முன்பு அந்தப் பெண்மணி ஐந்து நிமிடத்தில் விளக்கியிருப்பார். தவணை கட்ட வசதி உள்ளவர் கட்டிவிடுவதே நல்லது என்று நான் சொன்னேன். ஓட்டமே இல்லாமல் வேன் நின்றுகொண்டிருந்ததால் அவரால் முடியவில்லை.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் அந்தக் கிளை திறக்கவில்லை. எல்லாவற்றையும் கைப்பேசிச் செயலியில் செய்துகொள்ளலாம் என்றார்கள். எனக்கு அது மிகவும் வசதியாக இருக்கிறது. காய்கறிக் கடையில்கூட டூயிட்நவ் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் கட்டுகிறேன். அம்மாவின் செயலியையும் நானே என் கைப்பேசியில் திறந்து வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் தன் பெருவிரல் ரேகையால் தன் பணத்தை எடுத்தவர், இப்போது "ஐயா, காசு வந்திருச்சா பாருப்பா" என்று என்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. என்னிடம் கேட்பதில் அவருக்குள்ள கூச்சத்தை நான் பார்க்கிறேன்.

இதே காலத்தில்தான் வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ரகசிய எண்ணைக் கேட்கும் மோசடி அழைப்புகளும் பெருகின. 2022இல் அதற்கென 997 என்ற அவசர எண்ணை அறிமுகப்படுத்தினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் முகம் பார்த்துப் பழகிய ஓர் ஊழியர் இருந்தவரை, முன்பின் தெரியாத குரலை வங்கி என்று அம்மா நம்ப வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

வங்கிகளிடம் நான் கேட்பது பெரிதன்று. கிளை மூடப்பட்ட வட்டாரங்களில், ஓய்வூதியம் சேரும் வாரத்தில் ஒரு காலைப்பொழுது, சமூக மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு மேசையைப் போட்டு, தமிழ் தெரிந்த ஓர் ஊழியரை உட்கார வையுங்கள். அம்மா தம் சேமிப்புப் புத்தகத்தைச் சாமி மேடைக்குக் கீழே தகரப் பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறார். அவர் வருவார்.