களைக்கொல்லிப் பாடம்: வெயில் வேணுமா, வேண்டாமா?

வேளாண் முதுகலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு, ஜே.ஆர்.எஃப். ரிசல்ட் வந்துவிட்டது. ஆசைப்பட்ட ரேங்க் இல்லை. உழவியலில் சீட் கிடைத்துவிடும், அந்த நிம்மதியில் எழுதுகிறேன். சிலபஸ், நெகட்டிவ் மார்க் எல்லாம் உங்களுக்குத் தெரியும். களைக்கொல்லி செடியை எப்படிக் கொல்கிறது என்ற பகுதியை மட்டும் சொல்கிறேன். பலரும் சாய்ஸில் விடுவது அதைத்தான். என்னைக் கரையேற்றியதும் அதுதான்.

நான் போன கோச்சிங் சென்டர் நோட்ஸில் மருந்துப் பெயர்கள் பக்கம் பக்கமாக அட்டவணை. நடுவில் ஒரு வரி: "அட்ரசின் ஒளிச்சேர்க்கையைத் தடுப்பதால் செடி பட்டினியால் சாகிறது." காசு வாங்கிக்கொண்டு இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பட்டினிதான் காரணம் என்றால் வெயிலில் நிற்கும் செடி ஏன் இருட்டில் வைத்த செடியைவிடச் சீக்கிரம் சாகிறது?

நடப்பது இது. அட்ரசின், டையூரான், மெட்ரிபூசின் எல்லாம் ஒளி அமைப்பு 2-இன் (ஒளியைப் பிடித்து எலெக்ட்ரானை நகர்த்தும் இரண்டு அமைப்புகளில் ஒன்று) டி1 புரதத்தில், எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு போகும் பிளாஸ்டோகுயினோன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எலெக்ட்ரானுக்கு மேலே வழி இல்லை. வெயில் மட்டும் நிற்காமல் அடிக்கும். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நிறைய வரும்போது மடைகளை அடைத்தால் வயல் காய்வதற்கு முன்னால் கரை உடையும் இல்லையா, அதே கதை. போக்கிடம் இல்லாத ஆற்றலைப் பச்சையம் ஆக்சிஜனுக்குக் கொடுக்க, அது சிங்லெட் ஆக்சிஜன் என்ற வீரியம் கூடிய வடிவமாகி சவ்வின் கொழுப்பை அரித்துவிடும்.

அதனால் எந்த மருந்துப் பெயரைப் பார்த்தாலும் முதலில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இது கொல்வதற்கு வெயில் வேணுமா? மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்கு இது பிடிபட்டது களக்காட்டில், சித்தப்பா வாழைத் தோட்டத்தில். சாயங்காலம் பாராகுவாட் அடித்திருந்தார். காலையில் போனால் புல் பச்சையாகவே நிற்கிறது. வெயில் ஏற ஏறத்தான் வதங்கியது. சாரல் தெறித்த வாழை இலையில் துளி விழுந்த இடம் மட்டும் காய்ந்த புள்ளி, சுற்றிலும் பச்சை. ஒளி அமைப்பு 1-இலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுத்து சூப்பர்ஆக்சைடு என்ற, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் வடிவத்தை உண்டாக்கும் மருந்து அது. செடிக்குள் அதிகம் நகராது, மண்ணில் பட்டால் களிமண்ணோடு ஒட்டி முடங்கிவிடும். மூன்று கேள்விக்கான விடை அந்த ஒரு இலையில் இருந்தது.

வெயில் வேண்டியவை:
- ஆக்ஸிஃபுளோர்ஃபென்: பச்சையம் தயாராகும் வழியில் பி.பி.ஓ. என்ற நொதியைத் தடுக்கும். பச்சையத்துக்கு முந்தைய பொருளான புரோட்டோபார்பைரின் தேங்கி, வெளிச்சத்தில் சிங்லெட் ஆக்சிஜன் தரும்.
- டெம்போட்ரையோன், குளோமசோன்: பச்சையத்தைக் காக்கும் கரோட்டினாய்டு நிறமி உண்டாகாது. காவல் இல்லாத பச்சையம் வெளுக்கும். "புது இலை வெள்ளை" என்று கேள்வியில் வந்தால் வேறெங்கும் போகாதீர்கள்.

வேண்டாதவை:
- டைனோசெப் மாதிரி அன்கப்ளர்கள், அதாவது சுவாசத்துக்கும் ஏ.டி.பி. (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) தயாரிப்புக்கும் உள்ள இணைப்பை அறுப்பவை. மைட்டோகாண்ட்ரியாவிலும் வேலை செய்யும். புரோட்டான் சவ்வு வழியே ஒழுகிவிடும், சுவாசம் கூடும், ஏ.டி.பி. மட்டும் கிடைக்காது. "ஆக்சிஜன் செலவு உயர்ந்தது, ஏ.டி.பி. குறைந்தது" என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைக் குறியுங்கள்.
- கிளைபோசேட், பிஸ்பைரிபாக்: அமினோ அமிலத் தயாரிப்பைத் தடுப்பவை, மெதுவாகக் கொல்லும். ஒளிச்சேர்க்கைத் தடுப்பான் பட்டியலில் இவற்றைச் செருகி ஏமாற்றுவார்கள்.

புரோமாக்சினில் ஒளி அமைப்பு 2-ஐயும் தடுக்கும், அன்கப்ளராகவும் இருக்கும். இதைத் தனியாக எழுதி ஒட்டி வையுங்கள்.

பயிர் ஏன் தப்பிக்கிறது என்பதையும் விடாதீர்கள். மானூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டில் அட்ரசின் குடித்த சாரணை, அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகிச் சாகும். பக்கத்து மக்காச்சோளம் மருந்தோடு குளுட்டாதயோனைக் கோக்கும் நொதியால் மருந்தை முடக்கிவிட்டு நிற்கும். நெல், புரோபனில் என்ற களைக்கொல்லியை ஆரைல் அசைலமிடேஸ் என்ற நொதியால் உடைக்கும். கூடவே ஆர்கனோபாஸ்பேட் பூச்சி மருந்து அடித்தால் அந்த நொதி முடங்கி நெல்லும் கருகும்.

அட்ரசினுக்குக் களை காட்டும் எதிர்ப்புத் திறனுக்கு ஒன்று போதும்: டி1 புரதத்தின் 264ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் போய் கிளைசின். ஜீன் பசுங்கணிகத்தில் இருப்பதால் தாய் வழியாகத்தான் இறங்கும்.

களைக்கொல்லிகளை அவை கொல்லும் விதத்தை வைத்துப் பிரிக்கும் குரூப் எண்களில் 5 அட்ரசின், 14 ஆக்ஸிஃபுளோர்ஃபென், 22 பாராகுவாட். இவற்றுக்கு மேல் நான் தொடவில்லை. மனப்பாடம் வருகிறவர்கள் மீதியையும் படித்துக்கொள்ளலாம்.