சூடிக் கொடுத்த மாலை திருமலைக்குப் புறப்படும் நாளில்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் அசைவம் சமைக்கும் பாத்திரங்கள் பரண்மேல் ஏறிவிடும். சனிக்கிழமை தோறும் அம்மாவுக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். திருமலையில் பிரம்மோற்சவக் கொடி ஏறியதும் தொலைக்காட்சியில் தொடர்கள் நின்றுபோகும். ஒன்பது நாளும் காலையிலும் இரவிலும் வாகன சேவை நேரலை. அந்த நேரத்தில் ரிமோட்டை யாரும் தொட மாட்டோம். முன்பெல்லாம் அலிபிரியிலிருந்து படியேறியே திருமலைக்குப் போய்வந்தவர் அம்மா. மூட்டுவலி வந்தபிறகு அது முடியவில்லை. நேரலையில் திருமலை உற்சவரான மலையப்ப சுவாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி. ஆனாலும் சுவாமி கருட வாகனத்தில் வரும் கருட சேவை இரவில் மட்டும், "நேரில் பார்ப்பதுபோல் ஆகுமா?" என்று ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

இந்தப் புரட்டாசியில் அத்தையிடமிருந்து அழைப்பு வந்தது. அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வீடு ஆண்டாள் கோயில் மாட வீதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கருட சேவைக்காக ஆண்டாளின் மாலை திருமலைக்குப் புறப்படப் போகிறது என்றும், பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறைதானே, நான்கு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். அம்மா உடனே பையை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

மதுரையிலிருந்து கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாக பஸ்ஸில் போனோம். முந்தின இரவு பெய்த மழையில் சாலையோரக் குழிகளில் தண்ணீர் நின்றது. கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலை வலப்பக்கம் எழுந்து கூடவே வரும். அன்று பாதி மலைக்குமேல் மேகம் மூடியிருந்தது. அந்த மேகத்தைப் பார்த்ததும் எனக்கு நாச்சியார் திருமொழி நினைவுக்கு வந்தது. வேங்கடத்து மேகங்களைக் கூப்பிட்டு, அங்கே இருக்கும் என் திருமாலிடம் என் நிலையைச் சொல்லுங்கள் என்று ஆண்டாள் தூது விடும் பத்துப் பாசுரங்கள் அதில் உண்டு. திருமலை எங்கே, வில்லிபுத்தூர் எங்கே! போக முடியாத ஊருக்கு அந்தப் பெண் மேகத்தை அனுப்பினாள். இன்று அவள் சூடிய மாலையே போகிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்கள் பலரும் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். வடபத்ரசாயியைப் பார்க்காமல் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பதினொரு நிலைகளோடு 192 அடி உயரத்தில் நிற்கும் ராஜகோபுரம் அந்தப் பெருமாளுடைய வாசல்தான். பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துப் பூமாலை கட்டிச் சமர்ப்பித்ததும் அவருக்குத்தான். அந்தப் பூக்குடலையில் இருந்த மாலையைத்தான் மகள் எடுத்துத் தன் கழுத்தில் போட்டு அழகு பார்த்தாள். ஆகவே முதலில் வடபத்ரசாயியைச் சேவித்தோம். பள்ளிகொண்ட பெருமாள் மேல்தளத்தில் இருக்கிறார். அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். தூக்கிவிடப் போன என் கையை விலக்கிவிட்டார்.

இரண்டு கோயில்களுக்கும் நடுவில் நந்தவனம். ஆடிப்பூரத்தன்று துளசிச் செடியின் அடியில் குழந்தையைப் பெரியாழ்வார் கண்டெடுத்த இடம். அங்கே கொஞ்சம் மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டோம். அதைத் தாண்டி ஆண்டாள் கோயிலுக்குள் போனால் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. மாலையைச் சூடிக்கொண்டு அவள் தன்னைப் பார்த்துக்கொண்டது இந்தக் கிணற்றுத் தண்ணீரில் என்பார்கள். என் மகள் எட்டிப் பார்த்தாள்.

கருவறையில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் நிற்க, கூடவே கருடாழ்வாரும் நிற்கிறார். மற்றப் பெருமாள் கோயில்களில் சன்னதிக்கு எதிரே கைகூப்பி நிற்பவர் இங்கே அதே ஆசனத்தில் இடம்பெற்றிருக்கிறார். ஆண்டாளை மணக்க மாப்பிள்ளையை விரைந்து கொண்டுவந்து சேர்த்ததற்காக அந்த இடம் கிடைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கருடனுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. பாண்டியன் வல்லபதேவன் சபையில் பொற்கிழி வென்ற பெரியாழ்வாரை மதுரை வீதியில் யானைமேல் ஊர்வலமாக அழைத்துப் போனபோது, பெருமாள் கருடன்மேல் வானில் வந்து காட்சி கொடுத்தார். அந்த அழகுக்குக் கண்பட்டுவிடுமோ என்று பதறி ஆழ்வார் பாடியதுதான் திருப்பல்லாண்டு. தகப்பன் கருடன்மேல் கண்டு பல்லாண்டு பாடினார். மகள் அதே கருட சேவைக்கு ஆண்டுதோறும் மாலை அனுப்புகிறாள். கூடலழகர் கோயிலுக்கு நாள்தவறாமல் போகிற மதுரைக்காரர்களான எங்களுக்கு, இந்தத் தொடர்பு எங்கள் ஊரிலிருந்தே புறப்படுவதில் தனிப் பெருமை.

ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தினமும் புதிதாகச் செய்யப்படும் இலைக்கிளி அது. முந்தின நாள் சாத்திய கிளி ஒன்று அத்தைக்குப் பிரசாதமாகக் கிடைத்திருந்தது. வீட்டில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மூக்குக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு அரளிப்பூ. எல்லாவற்றையும் வாழைநாரால் கட்டியிருந்தார்கள். கண்ணுக்குக் காக்காப்பொன். வாடிய பிறகும் ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. ஒரு நாள் பூஜைக்காக அத்தனை மணிநேரம் உட்கார்ந்து ஒருவர் இதைக் கட்டுகிறார், மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். பக்தி என்றால் எனக்கு இதுதான் முதலில் கண்முன் வருகிறது.

மாலை புறப்படும் நாளில் கோயிலில் நல்ல கூட்டம். துளசியும் மரிக்கொழுந்தும் சம்பங்கியும் செவ்வந்தியும் சேர்த்துக் கட்டிய பெரிய மாலை. ஆண்டாளுக்குச் சாத்தித் தீபாராதனை ஆயிற்று. பிறகு அதைக் களைந்து, கிளி, பட்டு வஸ்திரத்தோடு கூடையில் வைத்தார்கள். மேளமும் நாகஸ்வரமும் முழங்க மாட வீதி வழியாகக் கூடை வந்தது. வாசல்களில் கோலம் போட்டுக் காத்திருந்த பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் செல்போனைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார்கள். கைகூப்ப வேண்டிய நேரத்தில் அந்தக் கைகளில் போனைப் பார்ப்பது மனசுக்கு ஒப்பவில்லை. கூடை எங்கள் அருகில் வந்தபோது மரிக்கொழுந்து வாசனை முதலில் வந்தது. அம்மா திண்ணையிலிருந்து எழுந்து, கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். "தாயே, நான் கேட்டதாகச் சொல்" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் அது கேட்டது.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் திருவண்ணாமலை இருக்கிறது. அருணாசலேஸ்வரர் ஊர் அல்ல இது, ஸ்ரீநிவாசப் பெருமாள் குன்றின்மேல் நிற்கும் தலம். சுற்று வட்டாரத்தில் தென்திருப்பதி என்பார்கள். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாதவர்கள் இங்கே முடியிறக்கி நேர்த்திக்கடனை முடிக்கிறார்கள். நானும் பிள்ளைகளும் அத்தை மகனும் விடியுமுன் போனோம். அந்த நேரத்திலேயே ராஜபாளையம், சிவகாசிப் பக்கங்களிலிருந்து நடந்தே வந்தவர்கள் படிகளில் நிறைந்திருந்தார்கள். மஞ்சள் துணி கட்டிய ஒரு தாத்தா, மொட்டை போட்ட பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். "கோவிந்தா" என்று அவர் சொல்ல, குழந்தை "கோந்தா" என்றது. படியெங்கும் அதைக் கேட்டவர்கள் திரும்பவும் கோவிந்தா போட்டார்கள். தரிசனம் சில விநாடிகள்தான், தள்ளிவிட்டார்கள். துளசியும் தீர்த்தமும் கிடைத்தன. அது போதும்.

திரும்பி வந்தபோது அத்தையும் அம்மாவும் மாவிளக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, ஈரம் லேசாக இருக்கும்போதே இடித்துச் சலித்து வைத்திருந்தார்கள். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்த மாவை அம்மா உருண்டையாகப் பிடித்து, நடுவில் கட்டைவிரலால் குழி அமுக்கினார். அதில் நெய் ஊற்றித் திரி போட்டு, பெருமாள் படத்துக்கு முன் வாழையிலையில் வைத்து ஏற்றினார்கள். புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம், உளுந்து வடை என்று தளிகை வரிசையாக இருந்தது. நாமம் இட்ட செம்போடு "கோவிந்தா" சொல்லிக்கொண்டு தெருப் பையன்கள் அரிசி கேட்டு வந்தார்கள். விளக்கு மலையேறிய பிறகு நெய் ஊறிய மாவைப் பிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் அத்தை. அந்த ருசிக்குக் கடைப் பலகாரம் எதுவும் ஈடில்லை. மிச்சம் வைக்காமல் தின்றோம்.

நவராத்திரி ஆனதால் மாலையில் வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் கொலுப்படிக்கு இடம் விட்டு, தொலைக்காட்சிப் பெட்டியை மூலையில் ஸ்டூல்மேல் வைத்திருந்தார்கள். தாம்பூலம் வாங்க வருகிறவர்கள் ஒரு பாட்டுப் பாடி, சுண்டலை வாங்கிக்கொண்டு, நேரலையையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தைக்கும் அம்மாவுக்கும் பேச ஆண்டுக்கணக்கில் சேதி இருந்தது. யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒன்றும் விடவில்லை. இடையிடையே வாகனம் வந்தால் பேச்சு நிற்கும்.

கருட சேவை இரவு வந்தது. அன்று அத்தை மாலையிலேயே குளித்து, பெட்டிக்கு முன்னால் கோலமிட்டுக் குத்துவிளக்கு ஏற்றினார். பக்கத்து வீட்டுப் பாட்டிகளும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பிற வாகனங்களில் தாயார்களோடும் எழுந்தருளும் மலையப்ப சுவாமி, கருடன்மேல் தனியாகவே வருகிறார். மூலவருக்கு உரிய மகரகண்டி, லட்சுமி ஆரம், சகஸ்ரநாம மாலை ஆகியவற்றை அன்று உற்சவருக்குச் சாத்துகிறார்கள். சென்னையிலிருந்து ஊர்வலமாக வந்த குடைகள் மேலே அசைந்தன. மாட வீதிகளில் கையைத் தூக்கி நின்ற ஜனத்தைக் காமிரா காட்டியபோது பாட்டிகளும் இங்கே கையைத் தூக்கினார்கள்.

வர்ணனையாளர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் மாலை என்று சொன்னதும் கூடத்தில் பேச்சு அடங்கியது. காமிரா அருகில் போனது. நகைகளுக்கு இடையே பூவின் நிறம் தெரிந்தது. "மதினி, போய்ச் சேர்ந்துவிட்டது" என்று அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து பல்லாண்டு பாடத் தொடங்கினார்கள். பாட்டிகளும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு முதல் இரண்டு பாசுரத்துக்குமேல் மனப்பாடம் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். வாகனம் வீதி சுற்றி முடியும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை. நேரில் பார்ப்பதுபோல் ஆகுமா என்ற கேள்வியையும் அன்று அவர் கேட்கவில்லை.

கருட சேவையைத் தொலைக்காட்சியில் பார்ப்பது குறைந்த தரிசனம் என்று இனி யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆண்டாளும் திருமலைக்கு நடந்து போகவில்லை. மேகத்தையும் மாலையையும் அனுப்பிவிட்டு வில்லிபுத்தூரிலேயே நின்றாள், பெருமாள் அவளைத் தேடி வந்தார்.

போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாலை புறப்படும் நாள் ஆண்டுக்கு ஆண்டு பிரம்மோற்சவத்தை ஒட்டி மாறும். கோயிலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விட்டால், மாலையை ஆண்டாளின் திருமேனியிலேயே சேவிக்கலாம். சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது சாத்திக்கொள்ளும் மாலையும் இவளிடமிருந்துதான் மதுரைக்கு வருகிறது. அன்று மாலையை எதிர்கொண்டு வரவேற்பது எங்கள் முறை. அதற்கு அத்தையை வரச் சொல்லி அம்மா இப்போதே வாக்கு வாங்கிவிட்டார்.