சிவப்புக் கோப்பையில் தண்ணீர்

தொண்டை வலி என்று வருகிற மாணவனிடம் "எவ்வளவு குடிப்பாய்?" என்று கேட்பது ஊரிலிருக்கும் என் அம்மாவுக்கு இன்றும் அநாகரிகமாகத்தான் படுகிறது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவகத்தில் செவிலியாக இருக்கும் எனக்கு அதுதான் அன்றாட வேலை. மதுப் பழக்கத்தை எடைபோடும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' படிவத்தில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 தொட்டால் உட்காரவைத்துப் பேசவேண்டும். கூட்டம் அதிகமான நாளில் முதல் மூன்று கேள்விகளோடு சரி.

பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. அளவுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. போன வருடம் ஒரு பையன், "வெள்ளிக்கிழமை மட்டும், இரண்டே இரண்டு" என்றான். சிவப்பு பிளாஸ்டிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, வோட்கா என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். தாராளமாக ஊற்றினான். அளவுக் குவளையில் மாற்றிப் பார்த்தால் 130 மி.லி. இந்த நாட்டுக் கணக்கில் வோட்காவுக்கு 'ஒன்று' என்பது 44 மி.லி.தான். ஆக, அவனுடைய இரண்டு என்பது ஆறு! குவளையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வயது 19. இங்கே 21 ஆகாமல் மது வாங்க முடியாது. "வீட்டுக்குச் சொல்லிவிடுவீர்களா?" என்றான். மாட்டேன் என்றேன். அறிவுரை சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டு, "குடிப்பதில் உனக்குப் பிடிக்காதது என்ன?" என்று மட்டும் கேட்டேன்.

வெகுநேரம் யோசித்து, "சனிக்கிழமை காலை" என்றான்.

பேச்சு சுவாரசியத்தில் தொண்டையைப் பார்க்க மறந்துவிட்டேன். கதவுவரை போனவனைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.