டேங்க் மூடியைத் திறக்க நான்கு நாள்

பெட்ரோல் டேங்க் மூடி சாவிக்குத் திறக்கவில்லையென்றால் இடுக்கியைக் கையில் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். அதில்தான் இரண்டு நாள் கூடுதலாகப் போனது.

வண்டி யமஹா ஆர்எக்ஸ்இசட். 133 சிசி, டூ ஸ்ட்ரோக். முன்பு கூட வேலை பார்த்த ஒரு மலாய் அபாங்கிடமிருந்து (மலாயில் அண்ணன்) வாங்கியது. சிங்கப்பூரில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களுக்கு 2028 ஜூன் 30தான் கெடு. அதற்கப்புறம் சாலையில் ஓட்ட முடியாது. 2023 ஏப்ரலில் புகை வரம்பையும் இறுக்கிவிட்டார்கள். மிச்சமிருக்கும் நாளை ஒழுங்காக ஓட்டித் தீர்த்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவியோ, பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு புளோக்குக்குக் கீழே வரும்போதெல்லாம் என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. காலை ஷிப்ட் முடித்து துவாஸிலிருந்து கிளம்பினேன். வண்டி காலையிலிருந்து வெட்டவெளியில் வெயிலில் நின்றிருந்தது. (இது முக்கியம், பின்னால் வருகிறேன்.) அப்போதே ரிசர்வில்தான் ஓடியது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, மூடியில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். கால்வாசி திரும்பி நின்றுவிட்டது. மறுபடியும் திருப்பினேன், அதே இடத்தில் நின்றது. பின்னால் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் மூன்று பேர். பம்பைக் கையில் பிடித்தபடி நிலையத்து அங்கிள் ஒரு நிமிடம் பார்த்தார், இரண்டு நிமிடம் பார்த்தார். அப்புறம் பம்பைத் திரும்ப மாட்டிவிட்டு, வண்டியை ஓரமாகத் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ரிசர்விலேயே ஜூரோங் வெஸ்ட் வீடு வந்து சேர்ந்தேன். திங்கட்கிழமை வருடாந்திர வாகனச் சோதனைக்கு முன்பதிவு செய்திருந்தேன். புதன்கிழமை சாலைவரி முடிகிறது. டேங்கில் பெட்ரோல் இல்லாமல் புகைச் சோதனைக்குப் போய் என்ன செய்வது?

அன்று இரவு பலமாடி கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் சாவித்துளைக்குள் டபிள்யூடி-40 அடித்தேன். ஊறுவதற்கு ஓர் இரவு விட்டிருக்க வேண்டும். நான் விட்டது ஒரு சிகரெட் நேரம். (சிகரெட்டைக் கீழே போய்த்தான் பிடித்தேன், அந்த அளவுக்கு அறிவு இருந்தது.) திரும்பி வந்து இடுக்கியால் சாவித்தலையைப் பிடித்து அழுத்தித் திருப்பினேன். பூட்டு அசையவில்லை. சாவிதான் திரும்பியது, கழுத்திலிருந்து தனியாக. பித்தளைச் சாவி, முறுக்கு பிழிந்த மாதிரி ஆகிவிட்டது. உடையாமல் வெளியே வந்ததே பெரிய விஷயம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைத்து, சாவியும் வெட்டித் தரும் அங்கிளிடம் ஓடினேன். இந்த மூடி வண்டியோடு வந்த அசல் மூடி இல்லை, அபாங் எப்போதோ வெளியில் வாங்கிப் போட்டது. அதனால் வண்டிச் சாவி வேறு, மூடிச் சாவி வேறு. மாற்றுச் சாவியும் கிடையாது, எண்ணும் கிடையாது. முறுக்கிய சாவியைக் கொடுத்து நகல் கேட்டேன். கடையில் கூட்டம், அவர் கேள்வி கேட்காமல் வெட்டிக் கொடுத்தார். 5 வெள்ளி (டாலர்). வீட்டுக்கு வந்து போட்டால் பாதிகூட உள்ளே போகவில்லை. கோணல் சாவிக்கு நகல் எடுத்தால் கோணலும் சேர்ந்துதானே வரும்? கேட்டவன் மேல்தான் தப்பு. தேய்ந்த சாவிக்கும் இதே கதைதான்; எண் இருந்தால் எண்ணைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்.

அன்று இரவே இன்னொரு புத்திசாலித்தனம். மூடி திறக்காவிட்டால் என்ன, கீழ்வழியாக ஊற்றலாமே! டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் முனையில் புனலை மாட்டி, டேங்குக்கு மேலே தூக்கிப் பிடித்து ஊற்றினால் பெட்ரோல் தானாக உள்ளே ஏறும். தண்ணீர் மட்டம் பார்க்கும் கணக்குதான். நடக்கக்கூடிய விஷயம், நண்பர்கள் செய்திருக்கிறார்கள். குழாயை உருவிக் காக்கைத் திருப்பினேன். சொட்டுவதற்குப் பதில் 'புஸ்' என்று பீய்ச்சி முழங்கை வரை நனைத்தது. டேங்குக்குள் அழுத்தம் இருந்திருக்கிறது. அது அடங்கியபின் புனலில் ஊற்றினேன். ஒரு விரற்கடை இறங்கியது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. புனலை எவ்வளவு தூக்கினாலும் நகரவில்லை.

இந்த இடத்தில் யோசித்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். உள்ளே பெட்ரோல் போக வேண்டுமென்றால் அங்கிருக்கும் காற்று வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் மூடியில் இருக்கும் காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். போன மாதம் சாங்கிக்குப் போகும்போது பிஐஇ விரைவுச்சாலையில் இரண்டு முறை வண்டி இருமி நின்றதும், ஓரம்கட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியதும் இதே காரணத்தால்தான்; காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோலும் கீழே இறங்காது. நானோ காக்கின் சல்லடை அடைத்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை, மிச்சமிருந்த சொட்டு பெட்ரோலில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போனேன். ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். அப்புறம் ஒரு பையன் வந்து மூடியை இரண்டு தட்டுத் தட்டினான். "அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன், பேட்டரி டிரில்லோடு வந்தான்.

எனக்கு வியர்த்துவிட்டது. பதினான்கு வருடமாக ஷிப்யார்டில் வேலை. அங்கே தொட்டிப் பக்கம் தீப்பொறி வரும் வேலை எதுவாக இருந்தாலும், உள்ளே வாயு இருக்கிறதா என்று அளந்து, அனுமதிச்சீட்டில் கையெழுத்து விழாமல் ஒருவனும் கருவியைத் தொட முடியாது. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே பற்றும், ஏறக்குறைய 7.6 வரை பற்றும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள், ஏனென்றால் காலி இடம் முழுக்க ஆவி. இரும்பில் டிரில் உரசும் சூடு ஒரு பக்கம், டிரில் மோட்டாருக்குள்ளேயே தெறிக்கும் பொறி இன்னொரு பக்கம். வண்டியோ ரிசர்வில், டேங்க் கிட்டத்தட்டக் காலி.

"டேங்கைக் கழற்றிக் கழுவிட்டு, தண்ணி நிரப்பிச் செய்வீங்களா?" என்றேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, இல்லையென்றால் வேறு டேங்க் வாங்கி மாட்டிக்கொள் என்றார். ஆர்எக்ஸ்இசட்டுக்கு டேங்க் என்ன கோப்பிக்கடையிலா விற்கிறார்கள்? வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பார்த்ததற்கு 20 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள், அது இன்னும் வயிற்றெரிச்சல். வீடுவரை உருட்டியது தனிக் கதை. வழியில் மழை.

சாயங்காலம் மறுபடி சாவிக்கடை அங்கிள். கூட்டம் இல்லை. இந்தத் தடவை முறுக்கிய சாவி, உதவாத நகல் இரண்டையும் மேசையில் வைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சாவி கொஞ்சமாவது திரும்பியதா, இல்லை ஆடவேயில்லையா? கால்வாசி திரும்பியது என்றேன். சிரித்துவிட்டார். திரும்பியது என்றால் பூட்டு நன்றாக இருக்கிறது, சாவியைப் பூட்டு ஏற்றுக்கொண்டுவிட்டது, நகராமல் மாட்டியிருப்பது அதற்குக் கீழே மூடியை டேங்க் விளிம்பில் பிடித்து வைக்கும் நாக்கு என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து விளக்கினார். ஒரு கையால் மேசையை அழுத்தி, மறு கையால் காற்றில் சாவி திருப்பிக் காட்டினார். மூடியை அழுத்திக்கொண்டு திருப்பு. அப்புறம் பழைய சாவியை வைஸில் வைத்துச் சன்னமாகத் தட்டி நேராக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே அரம் போட்டு ஒரு புதுச் சாவி செய்தார். அரை மணி நேரம் ஆனது. அதற்கும் 5 வெள்ளிதான். பத்து கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

ஞாயிறு காலை ஆறரை, இன்னும் விடியவில்லை. வெயில் ஏறினால் டேங்குக்குள் அழுத்தமும் ஏறும், மூடியை உள்ளேயிருந்து மேலே தள்ளும், நாக்கு இன்னும் இறுக மாட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்த நேரம். முந்தின இரவே எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன். என் ஷிப்டில் இருக்கும் மன்னார்குடித் தம்பி ஒருவரை வரச் சொல்லியிருந்தேன். வந்தவர் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி மூடிமேல் வைத்தார்.

"அண்ணே, நான் ரெண்டு கையாலயும் அமுக்குறேன். நீங்க மெதுவா திருப்புங்க. இடுக்கி எங்க இருக்கு?"

"பையில."

"அங்கேயே இருக்கட்டும்."

குழாயைக் கழற்றிக் காக்கைத் திறந்து, இருந்த கொஞ்சம் பெட்ரோலையும் கேனில் இறக்கினோம். அவர் முழு எடையையும் போட்டு அழுத்தினார். செருப்பின் ஓரத்தில் இருந்த இடைவெளி வழியாகச் சாவியைத் திருப்பினேன். அதே கால்வாசியில் நின்றது. "விடாதீங்க" என்றார். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மூடியின் விளிம்பைச் சுற்றி லேசாகத் தட்டச் சொன்னார். நாலாவது தட்டில் உள்ளே ஏதோ நழுவியது கையில் தெரிந்தது. டக். சாவி முழுச் சுற்று போனது.

ஆனாலும் மூடி வரவில்லை! ரப்பர் வாஷர் டேங்க் வாயில் மென்ற சூயிங்கம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்தோம்.

அந்த வாஷரைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அது நான் வெட்டிப் போட்டது. ஆறு மாதத்துக்கு முன் மழைத்தண்ணீர் டேங்கில் இறங்குகிறது என்று, வீட்டில் கிடந்த சாதாரண ரப்பர் தகட்டில் வட்டமாக வெட்டி மாட்டியிருந்தேன். பெட்ரோலில் நைட்ரைல் ரப்பர் நிற்கும். சாதாரண ரப்பர் பெட்ரோலைக் குடித்து இட்லி மாதிரி உப்பும். போடும்போது மூன்று மில்லிமீட்டர் இருந்தது, இப்போது அளந்தால் ஐந்து. அந்தத் தடிப்புதான் மூடியை மேலே தூக்கி, இரண்டு பக்கத்து நாக்குகளையும் டேங்க் விளிம்போடு இறுக்கி வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, காற்றுத்துளைக்கு நேராக ஓட்டை போட மறந்திருக்கிறேன். உப்ப உப்ப அதையும் அடைத்துவிட்டது.

தம்பி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "யாருண்ணே இந்த வேலையைப் பார்த்தது?"

பட்டறைக்காரன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. சொல்லவில்லை.

நாக்குகளைத் துடைத்து, பூட்டுக்குள் கிராஃபைட் தூள் போட்டேன். நைட்ரைல் தகட்டில் இரண்டு மில்லிமீட்டர் வாஷர் வெட்டி, துளையும் போட்டாயிற்று. திங்கட்கிழமை சோதனையில் புகை உட்பட எல்லாம் தேறியது.

சாயங்காலம் அதே பெட்ரோல் நிலையத்துக்குப் போனேன். அதே அங்கிள். நான் மூடியைத் திறந்து கையில் எடுத்துக் காட்டும்வரை அவர் பம்பைத் தொடவேயில்லை.