ஓக்னஸும் அவன் கழுதையும்

கிரேக்கப் பாதாளத்தில் முடிவே இல்லாத தண்டனை என்றால் எல்லாரும் சிசிஃபஸைத்தான் சொல்வார்கள். பாறையை உச்சிவரை தள்ளிக்கொண்டு போவான், அது உருண்டு கீழே வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. சரி, அவனாவது மரணத்தையே ஏமாற்றிய எமகாதகன். டான்டலஸ் பெற்ற பிள்ளையையே வெட்டிச் சமைத்துத் தெய்வங்களுக்குப் பரிமாறியவன், மோவாய்வரை தண்ணீரில் தாகத்தோடு நிற்கட்டும், எனக்கு இரக்கமே வரவில்லை.

என்னைப் படுத்துவது ஓக்னஸ்தான். உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டே இருக்கிறான், பக்கத்தில் ஒரு பெட்டைக் கழுதை திரித்ததைத் திரித்ததும் தின்றுகொண்டே இருக்கிறது. அவ்வளவுதான். பாறை இல்லை, நெருப்புச் சக்கரம் இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாலிக்னோட்டஸ் இதை டெல்ஃபியில், க்னிடஸ் ஊர்க்காரர்கள் கட்டிய மண்டபத்தில் வரைந்திருந்தார். ஓவியம் இன்றைக்கு இல்லை, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன பாசனியஸ் பார்த்து எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. அவர் சொல்கிற விளக்கம், ஓக்னஸ் நல்ல உழைப்பாளியாம், சம்பாதித்ததையெல்லாம் மனைவி செலவழித்தே தீர்த்துவிட்டாளாம். (பழியைத் தூக்கிப் பெண்டாட்டி தலையில் போடுவதில் கிரேக்கர்களும் சளைத்தவர்கள் இல்லை.) இதில் வேடிக்கை, ஓக்னஸ் என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் தயக்கம், சுணக்கம் என்றுதான் பொருள். சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டு ஓயாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள்!

அப்புறம் ஒரு சந்தேகம். இத்தனை காலத்தில் ஒருமுறைகூடவா அவன் தலையைத் திருப்பிக் கழுதையைப் பார்க்கவில்லை?