படத்துக்குக் கீழே ஒரு வரி

நேற்று குன்னூரில் விடாத மழை, கரண்டும் இல்லை. மகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மலை ரயில் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். இரண்டு பக்கம் போனதும், "வழுக்காம எப்படிம்மா மேல ஏறுது? இதுல போடவே இல்ல" என்றாள்.

போட்டிருந்தது. படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில்: கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த தண்டவாளம், என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ஓரத்துக் கட்டத்தில், 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்றும் இருந்தது. இவள் படம் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுகிற ரகம். (நானும் சமையல் குறிப்பின் கடைசி வரியை விட்டு, உப்பைக் கோட்டைவிட்டவள்தான்.)

பின்பக்கத்துச் சொல்லடைவைக் காட்டினேன். 'சுரங்கப்பாதை'யைத் தேடி, பக்க எண்ணைப் பிடித்து, "16 இருக்காம்!" என்று கத்தினாள். மெழுகுவத்தி அணைந்துவிட்டது.