செவலையும் நானும் கரட்டுப் பக்கம்

செப்டம்பர் 7, ஞாயிறு

ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்ததும் என் நாய் செவலை எனக்கு முன்னால் படியிறங்கிவிட்டாள். கிருஷ்ணகிரியில் நடக்க விரும்புகிறவர்கள் கோட்டை மலை ஏறுவார்கள், இல்லையென்றால் கே.ஆர்.பி. அணைப் பூங்காவுக்குப் போவார்கள். எங்களுக்கு ஊர் எல்லையில் மாந்தோப்புகளுக்குப் பின்னால் இருக்கும் கரடுதான். பெரிய மலை இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து மேடுகள், நடுவில் ராகிக் கொல்லைகள், மேலே வீடு அளவு குண்டுப் பாறைகள், உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சுனை. போய் வர ஒன்றரை மணி நேரம்.

தோப்பு இப்போது அமைதியாக இருக்கிறது. ஜூனில் இதே வழியில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டெம்போக்கள் கூழ் ஆலைகளுக்கு வரிசை கட்டிப் போகும், நாயோடு நடக்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒரு மாங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில்தான் இவளை எடுத்தேன். உள்ளங்கை அளவு குட்டி, செம்மண் நிறம். வேறு பெயர் யோசிக்கவே இல்லை.

மேடு ஏறியதும் சேலம் சாலையில் லாரிகளின் இரைச்சல் கேட்டது. அடுத்த மேட்டுக்குப் பின்னால் இறங்கினால் அதுவும் இல்லை. ஆள்காட்டிக் குருவி மட்டும் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே கூட வந்தது.

செப்டம்பர் 10, புதன்

வேலை நாள். தோப்பு வரைக்கும்தான். நேற்று சாயங்காலம் இடியோடு மழை, மண் இன்னும் ஈரம். வெயில் நாளில் நான் பாறையில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். ஐந்து நொடி தாங்க முடியாவிட்டால் அவள் பாதமும் தாங்காது. இன்று அந்தக் கவலை இல்லை.

செப்டம்பர் 13, சனி

காலையில் ராகிக்களியை மோர் விட்டுப் பிசைந்து வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். களியை வேண்டாம் என்கிற நாய் இல்லை இவள். கயிற்றை எடுத்துக் காட்டினேன், வாலை ஒரு தரம் ஆட்டினாள், எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காதை மடித்துப் பார்த்தேன். உள் மடிப்பில், முடி குறைவாக இருக்கும் இடத்தில், ஒரு உண்ணி. ரத்தம் குடித்து உப்பி, சாம்பல் நிறத்தில், அப்படியே ஆமணக்கங்கொட்டை மாதிரி இருந்தது. கால் விரல்களை விரித்தால் இடுக்கில் இன்னும் மூன்று, எள்ளைவிடக் கொஞ்சம் பெரியவை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தது.

மருத்துவர் காய்ச்சல் பார்த்தார், 104 டிகிரி. நாய்க்கு 101, 102 வரை இயல்பு. ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு. உண்ணிக் காய்ச்சல் என்றார். டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள், நடுவில் தெளிந்துவிட்டாள் என்று நிறுத்தக் கூடாது. நமக்கு வாங்கி வைத்திருக்கும் காய்ச்சல் மாத்திரை எதையும் இவளுக்குக் கொடுக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும். தினமும் கரட்டுப் பக்கம் கூட்டிப் போகிறேன், திரும்பி வந்து காலைக் கழுவி விடுகிறேன், காதை மட்டும் மடித்துப் பார்க்கவில்லை. மழை ஆரம்பித்து புல் முழங்கால் உயரம் வந்த பிறகாவது பார்த்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

உண்ணி எடுத்தேன். மொத்தம் பதினொன்று. அடுத்த வீட்டு அக்கா மண்ணெண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னார்கள். வேண்டாம் அக்கா, தோல் புண்ணாகிவிடும், நக்கினால் உள்ளேயும் போகும் என்றேன். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. எடுத்ததை ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் போட்டேன். முக்கால் மணி நேரம் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். ஒரு முனகல் இல்லை.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. தெருவில் கோவிந்தா சத்தம். காய்ச்சல் விட்டுவிட்டது. தயிர் சோறு நாலு வாய் தின்றாள். களியைத் தொடவில்லை.

செப்டம்பர் 27, சனி

மெதுவாக நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதல் மேடு வரைக்கும் போனோம். வழக்கமாக இருபது நிமிடம், இன்று ஐம்பது. பத்தடி நடப்பாள், நிற்பாள். நானும் நிற்பேன்.

அப்படி நின்ற ஒரு இடம் புளியமரத்தடி. நூறு தடவை தாண்டிப் போன மரம். வேருக்குப் பக்கத்தில் இடுப்பளவு பலகைக்கல் ஒன்று, மஞ்சளும் குங்குமமும் அப்பி. உண்ணிச்செடி பாதியை மறைத்திருந்தது. கிட்டே உட்கார்ந்து பார்த்தால் மஞ்சளுக்கு அடியில் ஒரு ஆள். ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள் மாதிரி ஒன்று. எழுத்து இருந்ததா என்று விரலால் தடவினேன். மேற்புறம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

ஆடு மேய்க்கிற அவ்வா வந்தார். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். "என்னம்மா, நாய்க்கு என்ன, இப்படி எலும்பா போச்சு?" என்றார். சொன்னேன். அப்புறம் கல்லைக் காட்டிக் கேட்டேன். "இது தெரியாதா? எங்க வேடியப்பன்மா. ஆட்டைக் காப்பாத்தற சாமி." செவலை கல்லின் அடியில் படுத்திருந்தாள். துரத்தப் போகிறாரோ என்று கயிற்றை இழுத்தேன். "இருக்கட்டும் விடு, வேடனுக்கு நாய் ஆகாதா?" என்றார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

செவலையை வீட்டில் விட்டுவிட்டு அரசு அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1993-ல் தொடங்கியது, எத்தனை வருடமாக அதைத் தாண்டிப் போகிறேன்! உள்ளே நடுகற்கள், இறந்த வீரர்களுக்காக நட்டவை. மாடு மீட்டுச் செத்தவர்கள், ஊரைக் காத்துச் செத்தவர்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தக் கற்கள் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் மந்தைதான். மேய்ச்சல் நிலம், ஆநிரையே சொத்து, அதைக் கவர்வதும் மீட்பதும் ஓயாத சண்டை. அந்த வீரர்கள்தான் பல ஊர்களில் இன்று வேடியப்பனாக நிற்கிறார்கள். அவ்வா சொன்னது அப்படியே சரி.

எனக்கு அங்கே நின்றபோது எடுத்தனூர்க் கல் ஞாபகம் வந்தது. நமக்குத் தென்கிழக்கே திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டு, வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டியது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவகத்திக்கு எடுத்த கல். அதில் அவனோடு அவன் நாயும் இருக்கிறது. நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதாம். ஏழாம் நூற்றாண்டில் உளி பிடித்த ஒருவர், ஒரு நாயின் பெயர் மறக்கக் கூடாது என்று நாலு எழுத்து கூடுதலாக வெட்டியிருக்கிறார். இதை முன்பே படித்திருக்கிறேன். இந்த மாதம்தான் எனக்கு அது உறைத்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

இரண்டாவது மேடு. சீத்தாப்பழம் கனிந்து கண் விரிந்திருக்கிறது. பாறை இடுக்கெல்லாம் தானாக முளைத்த மரங்கள். இரண்டு பெண்கள் சாலையோரம் விற்பதற்குக் கூடையில் பறித்துக்கொண்டிருந்தார்கள். கீழே விழுந்ததைச் செவலை கவ்வப் போனாள், விடவில்லை. கொட்டை நஞ்சு, நம் ஊரில் பேனுக்கு அரைத்துப் பூசுவது அதைத்தானே. ராகி கதிர் வாங்கிவிட்டது. தூரத்து மேடு ஒன்றை கல்குவாரி பாதி தின்றிருக்கிறது, வெட்டிய முகம் வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் கரட்டை யாரும் தொடாமல் இருக்க வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

28-வது நாள் மாத்திரை, தீர்ந்தது. தட்டணுக்கள் இயல்புக்கு வந்துவிட்டன. உண்ணி தடுக்கும் மாத்திரையை மாதா மாதம் தர வேண்டும். காலண்டரில் எழுதி மாட்டிவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

சுனை வரைக்கும் போய்விட்டோம். தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறது, தட்டான்கள் பறக்கின்றன. அவளுக்கு நான் கொண்டுபோன தண்ணீரைத்தான் கொடுத்தேன்.

இறங்கும்போது புளியமரத்தடியில் அவ்வா சாப்பிட உட்கார்ந்திருந்தார். தூக்குவாளியில் களி, அவரைக்காய்க் குழம்பு. செவலை போய் எதிரே உட்கார்ந்தாள். "குழம்பு காரம், உனக்கு வேண்டாம்" என்று அவளிடமே சொல்லிவிட்டு, ஒரு உருண்டை களியைக் கிள்ளி வேடியப்பன் கல்லுக்கு முன்னால் இலையில் வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மோந்தாள். நாக்கால் ஒரு தரம் தொட்டாள். அப்புறம் ஒரே விழுங்கு. இலையை நக்கினாள், இலை புரண்டது, காலால் மிதித்துப் பிடித்து அடியையும் நக்கினாள்.

"இன்னொண்ணு வைக்கட்டாமா?" என்றார் அவ்வா.

"வைங்க அவ்வா."